குனிந்து போகும் வீடு

நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது முரசுமோட்டையில் எங்களுக்கென்று ஒரு கல்வீடு கட்டத் தொடங்கினோம். வருடக்கணக்காகத் தகரக் கொட்டிலில் வெந்தவர்களுக்கு அது திருவிழா மாதிரி. அப்பா சீமெந்து குழைப்பார், அம்மா தண்ணீர் சுமப்பார். வீட்டுத்திட்டத்தில் தந்த பிளான் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அந்தத் தாளை விரித்துக்கொண்டு நான் நின்ற மிடுக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

"நிலத்தில இருந்து ரெண்டடி அத்திவாரம்" என்றேன்.

அப்பா கிணற்றுக்கட்டைப் பார்த்தார். முந்திய வெள்ளத்தின் கறை அதில் இருந்தது. "இப்ப மழை முந்தின மாதிரி இல்லைத் தம்பி. ஒரேயடியாக் கொட்டுது. இன்னும் ரெண்டு வரி கல்லு வைப்பமே?"

"பிளானில இல்லாததைச் செய்யேலாது அப்பா."

"பெடியன் வாசிச்சுப்போட்டான். இனி நாங்கள் வாய் திறக்கப்படாது" என்று, கல் வைக்க வந்திருந்த மேசன் நக்கலடித்தார். அப்பா சிரிக்கவில்லை. "அவன் சொன்னாச் சரி" என்று, நான் காட்டிய உயரத்திலேயே மட்டக்கயிற்றைக் கட்டினார்.

குடிபுகுந்து மூன்றாம் மாதம், மார்கழியில், வெள்ளம் வந்தது. விடியும்போது கட்டில் கால்கள் தண்ணீருக்குள். நெல்மூட்டைகளை மேசைமேல் ஏற்றிவிட்டு, ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கினோம்.

வெள்ளம் வற்றியபின் நனைந்த பத்திரங்களை வெயிலில் காயப்போட்டேன். பிளானின் மூலையில், பொடி எழுத்தில் ஒரு வரி. இரண்டடி என்பது வீதி மட்டத்திலிருந்து. எங்கள் வீட்டு வளவோ வீதியைவிட ஒன்றரை அடி பள்ளம்!

முழங்கால்வரை சேற்றோடு நின்ற அப்பாவிடம் போய்ச் சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெள்ளத்துக்கு இங்கிலீசு தெரியும்போல. ஒழுங்கா வாசிச்சுப்போட்டு வந்திருக்கு."

அம்மா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த கோடையில் கிறவல் மண் கொட்டி வீட்டின் தரையை ஒன்றரை அடி உயர்த்தினோம். கதவுகளின் அடியை அறுத்தோம். கதவு நிலைகளை உயர்த்த வழியில்லை. பிறகு வந்த வெள்ளங்கள் வாசலோடு திரும்பிவிட்டன. ஆனால் எங்கள் வீட்டுக்குள் யார் வந்தாலும் குனிந்துதான் வரவேண்டும். ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு, "இதுதான் இப்பத்தைய மொடல்" என்பார் அப்பா. இன்றுவரை என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

இப்போது மற்றவர்களுக்கு வீட்டுப் பிளான் கீறுவதுதான் என் தொழில். வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டபிறகே தாளை விரிப்பேன். நெடிய மனிதரான அப்பா தன் சொந்த வாசலில் தலை குனிந்து நுழைவதைப் பார்க்கும்போதெல்லாம், எழுத்துத் தெரியாத அவர் என்னை நம்பிய அளவுக்கு நான் அந்தத் தாளை வாசிக்கவில்லையே என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.