முள் குத்தாத டயரில் தேவாரத்திலிருந்து போடிக்கு

சைக்கிளில் போடிக்குக் கிளம்புகிறவர்கள், டயர் வாங்கும் முன் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிடுங்கள். ஐம்பதுகளில் ஒரு தை மாதம். மலைச்சரிவில் எங்களுக்கிருந்த துண்டுத் தோட்டத்து ஏலக்காயை விற்றுத்தான் மாசியில் தங்கை செல்லத்தாயின் கல்யாணம். நான் கிளம்பிய அன்றோடு போடி வியாபாரி கொள்முதலை முடிக்கிறார். மாதிரிக் காயைப் பார்த்துத்தான் மூட்டைகளுக்கெல்லாம் விலை சொல்வார். பத்து மைல் தூரம். காலை பஸ்சோ வரவேயில்லை.

அந்த ரோட்டில் கருவேல முள்ளுக்குப் பஞ்சமே கிடையாது. போன தடவை மூன்று பஞ்சர். அந்தக் கடுப்பில் கட்டி ரப்பர் டயர் மாட்டியிருந்தேன். டியூபும் இல்லை, காற்றும் இல்லை. "ஆணி மேல ஏத்துங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் சத்தியம் பண்ணியிருந்தார்.

அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. வழியில் சிலமலை ஊர் வரை முள் மேலேயே ஏற்றிக்கொண்டு போனேன். ஆனால் அடக் கடவுளே, என்ன குலுக்கல்! ஒவ்வொரு கல்லும் நேராக முதுகுத்தண்டுக்கு வந்தது. மேடு வந்தால் மிதிக்க முடியாத கனம். பின்னால் கேரியரில் தகர டப்பாவுக்குள் மாதிரிக் காய் கலகலவென்று ஆடிக்கொண்டே வந்தது.

வியாபாரி டப்பாவை வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். பாதிக் காய் வாய் பிளந்து, கறுப்பு ஏலரிசி தனியாகக் கொட்டியது.

"என்னப்பு இது, காயா, அரிசியா?"

"டயரு குலுக்கிருச்சுங்க. வீட்டு மூட்டையில அம்புட்டும் முழுக்காய். நம்புங்க."

"நம்புறேன். ஆனா வெல மாதிரிக்குத்தான்."

"நாளைக்கு மூட்டையவே கொண்டாறேன்!"

"நாளைக்கு நான் எங்க இருக்கப் போறேன்?" என்று எழுந்துவிட்டார். கெஞ்சியும் பலனில்லை. உடைந்த காய் விலைக்கு விற்றால் கல்யாணத்துக்குக் காணாது. எனக்கு வந்த எரிச்சலில் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு நடக்கலாமா என்றிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் இதே யோசனைதான். புண்ணாக்கோ நெல்லோ ஏற்றுகிறவர்கள் கட்டி டயரைத் தாராளமாகப் போடலாம். பழைய டயரை நறுக்கி டியூபுக்கு மேல் உள்ளுறையாக வைத்தால் கனம் கொஞ்சம் கூடும், முள்ளும் ஓரளவு நிற்கும், குலுக்கல் குறைவு. ஏலக்காய் கொண்டுபோகிறவர்கள் காற்றடைத்த டயரிலேயே போங்கள். பஞ்சர் ஒட்டுகிற சாமானை மறக்காதீர்கள். காயைத் துணியில் இறுக்கிக் கட்டுங்கள். தகர டப்பா வேண்டவே வேண்டாம்.

வீட்டு வாசலில் செல்லத்தாய் நின்றிருந்தாள். டப்பாவைத் திறந்து பார்த்தாள். கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போகும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குனிந்து டயரை ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"பஞ்சர் ஒண்ணும் ஆகலைல்லண்ணே?" என்றாள்.