திருடன் லைட் எரிந்த வண்டி

கார்குழலி கோபமாக இருக்கும் நேரத்தில் டோல்கேட் முனையில் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர்கள்கூட ஹாரன் அடிக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகையில்லை.

அந்தக் கோபம் ஒரே நாளில் வந்து குடியேறியதல்ல. வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்தவள் அவள். அப்பா பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வயரிங் பார்த்தவர். அவர் இறந்தபோது அந்த வேலைக்கு மனுப் போடுவது அண்ணன்தான் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அப்பாவோடு உட்கார்ந்து ஒயர் சீவி, விளக்கு எரியவிட்டு வளர்ந்தவள் அவள். அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுவாரமே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு வயரிங் செய்யும் கடையில் போய் உட்கார்ந்தாள். பிறகு கல்யாணம். "பொம்பள கையா இது? பேட்டரி தண்ணி நாத்தம் அடிக்குது" என்று சொல்லிவிட்டு, மூன்று வயது மகளையும் விட்டுவிட்டு, கணவன் போய்விட்டான். அவள் அழுதாள்தான். ஆனால் அழுதுகொண்டே கடை வாடகைக்கு இடம் தேடினாள். மகள் பெயரில் பலகை எழுதினாள்: எழில்மொழி ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்.

இந்தச் சாவிக் கதை நடந்தது 2004ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. கடை முன்னால் புத்தம் புதிய வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவனின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. அவன் பெயர் பீம்ராவ். பக்கத்தில் இருந்து இறங்கியவர் ராயபுரத்தில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ராசையா அண்ணாச்சி, காரின் உரிமையாளர். பின் இருக்கையில் அவர் மனைவி சுகிர்தம், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி.

"மெக்கானிக் எங்கம்மா?" என்றார் ராசையா.

"எதிர்லதான் நிக்கிறேன். இன்னா அண்ணாச்சி கம்ப்ளைன்ட்?"

"கம்ப்ளைன்ட் வண்டியில இல்ல. இந்தப் பயகிட்ட இருக்கு. கள்ளச்சாவி செஞ்சு மேல எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான். நீ பாத்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிரு, நேரா ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருதேன். இவ அழுதான்னுதான் இங்க வந்தேன்."

"நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்றான் பீம்ராவ்.

விஷயம் இதுதான். ஸ்டியரிங் பக்கத்தில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. திருடன் லைட் என்பார்கள். சாவியின் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கும். அதை வண்டி அடையாளம் கண்டுகொண்டால் விளக்கு அணைந்து என்ஜின் ஓடும். அடையாளம் தெரியாவிட்டால் விளக்கு படபடவென்று சிமிட்டும்; என்ஜின் ஒரு விநாடி உறுமிவிட்டுச் செத்துவிடும். ஒரு மாதமாக ராசையா சாவி போட்டால் விளக்கு சிமிட்டியது. பீம்ராவ் போட்டால் ஒரே திருப்பில் ஓடியது. வண்டி விற்ற இடத்துக்குப் போன் செய்தால், "வேற சாவி போட்டா அப்படித்தான் சார் சிமிட்டும்" என்று எவனோ சொல்லிவிட்டான். அன்று காலை கிடங்கு வாசலில், மூட்டை தூக்குபவர்கள் அத்தனை பேர் எதிரிலும், ராசையா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். சோற்றுப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். கள்ளச்சாவி கிடைக்கவில்லை. புளிசோறுதான் தரையில் சிதறியது.

கதையைக் கேட்கக் கேட்கக் கார்குழலியின் முகம் சிவந்தது. ஆனால் கோபத்தோடு ஒயரைத் தொடக்கூடாது என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. பேட்டரியைப் பார்த்தாள். ஃபியூஸைப் பார்த்தாள். பூட்டைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றி ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"நீ போடு அண்ணாச்சி."

ராசையா சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு படபடத்தது. என்ஜின் உறுமிச் செத்தது.

"நீ போடு நைனா."

பீம்ராவ் திருப்பினான். விளக்கு அணைந்தது. என்ஜின் பூனை மாதிரி ஓடியது.

"பாத்தியா! பாத்தியா! வாங்கினவன் நான், வண்டி இவன் சொன்ன பேச்சுதான் கேக்கு!" என்று ராசையா பானெட்டில் அடித்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. பீம்ராவ் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கார்குழலியும் அவனைச் சந்தேகப்பட்டாள். அந்தக் கணத்துக்காக இன்றுவரை அவள் தன்னை மன்னிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள். இந்த முறை விளக்கைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

வலது கையால் சாவியைத் திருப்பிய பீம்ராவ், இடது கையால் மீதிக் கொத்தை ஏந்தி இழுத்துப் பிடித்திருந்தான்.

"கொத்த இன்னாத்துக்குப் புடிக்கிற?"

"வெயிட்டுக்கா. தொங்குனா ஆடி ஆடி வண்டியில கீறல் வுழும். புது வண்டியாச்சே."

"கைய எடு. தொங்கவுட்டுப் போடு."

அவன் கையை எடுத்துவிட்டுத் திருப்பினான். படபடவென்று சிமிட்டியது சிவப்பு விளக்கு. என்ஜின் செத்தது.

"இப்ப நீ வா அண்ணாச்சி. அவன் புடிச்ச மாதிரி கொத்த ஏந்திப் புடிச்சுக்கினு போடு."

ராசையா போட்டார். அந்த ஒரு மாதத்தில் அவர் கைக்கு முதல் முறையாக விளக்கு அணைந்து, என்ஜின் ஓடியது. அவர் வாய் திறந்தபடி நின்றது.

கார்குழலி கொத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். கிடங்குச் சாவிகளுக்கு நடுவே, கார் சாவி ஒன்றல்ல, இரண்டு! ஒரே இரும்பு வளையம். வளையத்தின் வாய் பற்றவைத்து மூடப்பட்டிருந்தது.

"இன்னா இது?"

"எங்க கடை வழக்கம்" என்றார் ராசையா. "எந்தப் பூட்டுக்கும் ரெண்டு சாவியையும் ஒரே வளையத்துல போட்டு பத்தவச்சிருவோம். தனியா ஒண்ண எவனும் உருவ முடியாதுல்லா? காலையில கொத்தா குடுப்பேன், சாயங்காலம் கொத்தா வாங்குவேன்."

"கார் சாவிய எப்போ பத்தவச்ச?"

"போன மாசம்."

"லைட்டு எப்போ சிமிட்ட ஆரம்பிச்சுது?"

பின் இருக்கையிலிருந்து சுகிர்தம் சொன்னார்: "போன மாசந்தான்."

"கிடங்குப் பூட்டுக்கு சாவியில பல்லு மட்டும்தான் அண்ணாச்சி. இதுல தலைக்குள்ள சிப்பு கீது. ரெண்டும் பக்கத்துல தொங்குனா ரெண்டும் ஒரே நேரத்துல பேசும். வண்டிக்கு எதுவும் புரியாது. திருடன்னு லைட்டு போட்டுரும். இவன் உன் வண்டி மேல கீறல் வுழக்கூடாதுன்னு கொத்த இழுத்துப் புடிச்சான், இன்னொரு சாவி தள்ளிப் போச்சு, அதனால ஓடுச்சு. அந்தக் கையத்தான் நீ திருட்டுக் கைன்ன!"

ரம்பத்தை எடுத்தாள். "ஏ, அறுக்காத!" என்று ராசையா கத்த, அவள் அறுத்தே விட்டாள். ஒரு கார் சாவியை உருவித் தன் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். மீதியை ராசையாவிடம் நீட்டினாள். இப்போது தொங்கவிட்டுப் போட்டாலும் வண்டி ஓடியது.

"சரி, சரி. ஏலே, வண்டிய எடு" என்றார் ராசையா. "அந்தச் சாவியக் குடும்மா."

"இங்க தர மாட்டேன். எந்த வாசல்ல அவன் சோத்தக் கொட்டுனியோ அங்க தர்றேன். அங்க எல்லாருக்கும் சொல்லு, நான் நெனச்சது தப்புன்னு."

"நீ யாருட்டி எனக்குப் புத்தி சொல்ல?"

"பொம்பளதானேன்னு பாக்குறியா? ஸ்டேஷனுக்கு வா, நானும் வர்றேன். ரெண்டு சாவிய ஒட்டவச்ச கதைய அங்க சொல்லிச் சிரிக்கலாம்."

"ஏறிக்கிடுங்க தங்கச்சி" என்று கதவைத் திறந்தார் சுகிர்தம். கணவரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

கிடங்கு வாசலில் மூட்டை தூக்குபவர்கள் கூடினார்கள். புளிசோற்றை இன்னும் யாரும் பெருக்கவில்லை, காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. ராசையா தரையைப் பார்த்து ஏதோ முனகினார்.

"மொதலாளி, கடைசியில நிக்கிறவனுக்குக் கேக்கல!" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது.

அவர் நிமிர்ந்தார். முகம் கறுத்திருந்தது. "பீம்ராவ் திருடல. கோளாறு என் சாவியில. தப்பு என்னது."

கார்குழலி சாவியை சுகிர்தத்தின் கையில் வைத்தாள். பீம்ராவ் வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டு வந்து, தன்னிடமிருந்த சாவியையும் அதே கையில் வைத்தான்.

"முன்னாடி லெஃப்ட் டயர்ல காத்து கம்மியா கீதும்மா. பாக்கச் சொல்லு."

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு" என்றார் ராசையா.

"பேரு திரும்பி வந்துச்சு அண்ணாச்சி. போதும்." அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

பஸ் நிறுத்தம் வரை கார்குழலி அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். "வேல போகக்கூடாதுன்னுதானேடா நான் தொண்ட கிழிய கத்துனேன்? வூட்ல பொண்டாட்டி புள்ளக்கு இன்னா சொல்லுவ, பேமானி?"

"நீ கத்துனதாலதான்க்கா வேலய நானா வுட முடிஞ்சுது. இல்லன்னா திருடன்னு சொல்லியே தொரத்தியிருப்பான்."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அதற்கும் கோபம் வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வந்த பஸ்ஸில் அவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

அறுத்த வளையம் இன்றும் அவள் கடை ஆணியில் தொங்குகிறது. "டிரைவர்தான் ஏதோ பண்ணிட்டான்" என்று வரும் முதலாளிகளுக்கு அதைக் காட்டிவிட்டுத்தான் பானெட்டைத் திறக்கிறாள்.

பீம்ராவ் இப்போது எண்ணூர்த் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். தினமும் காலையில் டோல்கேட்டைத் தாண்டும்போது, அவன் மட்டும் பயப்படாமல், அவள் கடை வாசலில் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பான். அவள் ஒயர் சோதிக்கும் டெஸ்ட் லாம்ப்பை ஓங்கிக்கொண்டு தெருவுக்கே ஓடி வருவாள்.

"காலங்காத்தால இன்னாடா கலீஜா சத்தம்! எறங்குடா கீழ!"