குழாய் ஸ்பீக்கரில் பேஸ் கிடார்

எங்கள் மெல்லிசைக் குழுவில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். நான் பேஸ் கிடார். வெள்ளிமலைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு வேனில் ஏறும்போதே குழுவை நடத்துபவர் சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து பேஸை கீபோர்டுலயே போட்டுக்கலாம்னு பாக்கறேன் சார். கோச்சிக்காதீங்க. நீங்க வாசிக்கறது யாருக்கும் கேக்கறதில்ல."

மலை ஏறும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பாதியில் எண்ணிக்கை தவறிப்போனது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

போய் இறங்கினால் மேடையருகே பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லை. பாக்ஸ் ஏற்றிய வண்டி அந்தக் குறுகல் பாதையில் வராதாம். மைக் செட்காரர் மரத்துக்கு ஒன்றாக ஆறு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். குழாயில் பாட்டு போகும், பேஸின் கனத்த கீழ் ஒலி போகாது. நான் வாசிப்பதும் வாசிக்காததும் அங்கே ஒன்றுதான்.

ஒரே ஒரு பாட்டில் ஸ்லாப் இருந்தது. கட்டைவிரல் எலும்பால் தடித்த கம்பியை அறைந்து, ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பியைச் சுண்டிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் மூன்று திருகுகளையும் அதற்காக வீட்டிலேயே பார்த்து வைத்திருந்தேன்: பேஸ் எட்டு, மிடில் இரண்டு, டிரெபிள் ஏழு. வீட்டில் ஜன்னல் அதிரும். இங்கே ஒத்திகையில் வாசித்துப் பார்த்தபோது குழாயில் ஒன்றும் வரவில்லை.

வெறுத்துப்போய் பேஸ் திருகை இரண்டுக்கு இறக்கினேன். மிடிலை ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஆறில் லேசாக ஏதோ கேட்டது. எட்டில் நன்றாகவே கேட்டது. இரைச்சல் வந்ததால் டிரெபிளை ஐந்தாக்கினேன். பக்கத்தில் நின்று கேட்டால் தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. இப்படி ஒரு சத்தத்தை நானே தேடி வைப்பேன் என்று நினைத்ததில்லை.

மைக் செட்காரர் ஓடி வந்தார். "இன்னா சார், ஒயர் எதுனா வுட்டுப்போச்சா? டக்கு டக்குனு அடிச்சிக்கினே இருக்குது."

"ஒயர் இல்லப்பா. நான்தான்."

"நீங்களா? கடைசி புளியமரத்தாண்ட நின்னுக்கினு இருந்தேன், அங்க கேக்குதுங்க."

டிரம்ஸ் வாசிப்பவர் சிரித்தார். "சார், நீங்க குழுவுல இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியுது."

நடத்துபவர் புளியமரம் வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "நல்லா இருக்குது சார். கீபோர்டுல இது வராது. நீங்களே இருங்க. ஆனா ஒரு பாட்டுக்கு மட்டும் இன்னாத்துக்கு? எல்லாத்துக்கும் இப்படியே அடிங்க."

மொத்தம் இருபத்திரண்டு பாட்டு. ஒத்திகையிலேயே கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது.

"தாலாட்டு ஒண்ணு இருக்கே, அதுக்குமா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "அதுக்குக் கொஞ்சம் கம்மியா அடிங்க."

சரி என்று சொல்லிவிட்டு, விரலுக்குச் சுற்ற பிளாஸ்திரி இருக்கிறதா என்று பையில் தேடினேன்.