சித்தப்பாவின் ஏழு நிமிட மௌனம்

வக்கீல்களுக்குத் தலைமைப் பண்பும் விற்பனைத் திறமையும் சொல்லித்தரும் வகுப்புகளை இப்போது நானே நடத்துகிறேன். குளிரூட்டிய ஓட்டல் அறை, இடையில் கறிபாஃப், முடிவில் சான்றிதழ். முதல் பாடம் எப்போதும் மௌனம்: கேள்வியைக் கேள், வாயை மூடு, முதலில் பேசுகிறவர் தோற்றார். இதை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. பத்து வயதில், புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் கோயில் மண்டபத்தில் நெளிந்துகொண்டே கற்றது.

சித்தப்பா சுங்கைப்பட்டாணியில் வக்கீல். மீ நூடுல்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை; ஒன்றில் அவர், மற்றதில் கிளார்க் அக்கா. படியேற வரும் கட்சிக்காரர்கள் வாசனையில் மனம் மாறிக் கீழேயே உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது சித்தப்பாவின் கணிப்பு. அந்த வருடத்துக்குள் பெரிய வழக்கு ஒன்று வராவிட்டால் அலுவலகத்தை மூடிவிட்டுப் பழைய முதலாளியிடம் கைகட்டி நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பினாங்கில் இதே மாதிரி இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தார். வந்தவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. தலைவன் நின்றுகொண்டே சிந்திப்பான் என்று அங்கே கொடுத்த புத்தகத்தில் இருந்ததாம். பாக்கார் ஆராங்கில் இருந்த தன் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டே சாப்பிட்டார். சித்தி ரசத்தோடு பின்னால் நடந்தார்.

அப்போது தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. தோட்டம் கைமாறிவிட்டது, நாற்பது குடும்பங்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதம். மாற்று வீடு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஞாயிறு காலை சித்தப்பா வந்து பேசலாம். பிற்பகலில் அலோர் ஸ்டார் பெரிய வக்கீல் ஒருவர் பேசுவார். இருவரில் ஒருவருக்கு வழக்கு.

குடும்பத்தோடு போனால் நம்பிக்கை வரும் என்றது புத்தகம். சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த என்னை இரவல் வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரு புதுக் கவுனும், “சும்மா சிரிச்சிக்கிட்டே இரு” என்ற உத்தரவும் கிடைத்தன. நோட்டுப் புத்தகத்தோடு கிளார்க் அக்காவும் காரில் ஏறிக்கொண்டார்.

மண்டபத்தில் ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்துக் குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்:

“உங்களுக்கு என்ன வேணும்? நீங்களே சொல்லுங்க.”

பிறகு வாயை மூடிக்கொண்டார்.

அவர் எதிர்பார்த்தபடி அரை நிமிடத்தில் யாராவது பேசியிருக்க வேண்டும். ஆனால் வகுப்பு எடுத்தவர் தோட்டத்தைப் பார்த்தவரல்ல. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட வரிசையாக நின்று, துரை பேசி முடிக்கும்வரை வாய் திறக்காமல் பழகிய பரம்பரை இது. கோட்டுப் போட்டவர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். அவர் இவர்களுக்காகக் காத்திருந்தார். மின்விசிறி டக் டக்கென்று சுற்றியது. சித்தப்பா கோட்டுப் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டினார். என் சிரிப்பு தாடையில் வலித்தது.

“லாயருக்கு ஒடம்பு சரியில்லையா?” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று, ரகசியமாக.

“சும்மா இரு லா. சாமி கும்பிடுறாரு போல.”

நான்காவது நிமிடத்தில் கிளார்க் அக்கா எழுந்து குழாயடிக்குப் போனார். உட்கார முடியாத நானும் பின்னாலேயே போனேன்.

“அக்கா, உங்க வீட்டு லைட் பில் யாரு பேருல வருது?” என்று கோப்பை கழுவிய ஒரு பெண்ணிடம் கேட்டார் கிளார்க் அக்கா.

“மாமனாரு பேருல. அவரு போயி ஆறு வருஷம் ஆச்சு. ஏம்மா, அதனால வீடு கெடைக்காதா?”

“பாத்துக்கலாம். பில்ல எடுத்துட்டு வாங்க. அவரோட பழைய சம்பளச் சீட்டு இருந்தா அதையும்.”

இன்னொரு பெண் ஈரக் கையோடு வந்தார். “வீடு குடுத்தா ஆளுக்கு ஒரு மூலையில குடுப்பாங்களா? இவ பக்கத்துல இல்லன்னா எம் புள்ளைய யாரு பாத்துக்குவா, நான் பேக்டரிக்குப் போறப்ப?”

“எல்லாம் ஒரே வரிசையில வேணும்னு எழுதிக்கிறேன். வேற யாரு?”

பெண்கள் எதிரே இருந்த வீடுகளுக்கு ஓடினார்கள். பில்லும் சீட்டும் போட்டுவைத்த பிஸ்கட் டின்களோடு திரும்பி, போகிற போக்கில் அவரவர் புருஷன் காதில் ஏதோ சொன்னார்கள். கட்சிக்காரர்மேல் வைத்த கண்ணை எடுக்கக்கூடாது என்பது இரண்டாம் பாடம். ஆகவே சித்தப்பா குழாயடிப் பக்கம் திரும்பவேயில்லை. கோயில் கடிகாரத்தில் ஏழாவது நிமிடம் ஓடும்போது கோயில் தலைவர் எழுந்தார்.

“லாயர் சார், எங்களுக்கு ஒரே வரிசையில வீடு வேணும். நீங்களே எடுத்து நடத்துங்க. மத்தியானம் வர்றவர வர வேணாம்னு போன் போட்டுச் சொல்லிர்றோம்.”

திரும்பும்போது சித்தப்பா ஒரு கையால்தான் கார் ஓட்டினார். மறு கை பேசியது.

“பாத்தியா பாப்பா? ஏழு நிமிஷம். ஒரு வார்த்த பேசல. ஜெயிச்சாச்சு லா.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்சீட்டில் கிளார்க் அக்கா, நாற்பது வீட்டுப் பில்களும் சீட்டுகளும் அடங்கிய பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தபடி இருந்தார். வழக்கு முடிந்து, வரிசை வீடுகளின் சாவி அந்தக் குடும்பங்களின் கைக்கு வந்த வாரமே அவர் அந்த அலோர் ஸ்டார் வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்தது பிற்பாடு நடந்தது. சித்தப்பாவுக்கு இன்றுவரை காரணம் பிடிபடவில்லை. அன்று காரில், சுங்கைப்பட்டாணி வரும்வரை அக்கா வாயே திறக்கவில்லை.

அவரும் முதல் பாடத்தைப் பயிற்சி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்து, சொல்லிக்கொடுத்தபடியே சிரித்தேன்.