அடுத்த காட்சிக்கு ரிக்கற் இல்லை

எழுபதுகளில் கனடாவில், பார்க்டேலில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் பாஞ்சோ என்ற மேற்கத்தியத் தந்திவாத்தியம் வாசிக்கும் ஒருவர் குடியிருந்தார். மேலே அம்மா வயலின் வாசித்தால் அவருக்குக் கேட்கும். அம்மா வாசிப்பதே அபூர்வம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈர விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவருக்கு வில்லைத் தூக்கக் கை வராது.

ஒருநாள் பாஞ்சோக்காரர் கதவைத் தட்டினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். சண்டையில்லை. அம்மா தந்திகளைச் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டியிருந்தார். நாட்டுப்பாடல்களுக்கு வயலின் வாசித்த தன் தாத்தாவும் இப்படித்தான் கூட்டுவாராம் என்று மனிதர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கனடாவுக்கு முதலில் குடிவந்தவர்களைப் பற்றி ஒரு படம். அதற்கு அவருடைய குழு நாட்டுப்பாடலும் புளூகிராஸ் என்ற கிராமிய இசையும் வாசிக்கிறது. அம்மாவும் வந்து வாசிக்கவேண்டும் என்றார்.

ஒரு மாதம், வேலையால் வந்த களைப்போடு, அம்மா ஒரே மெட்டைப் பழகினார். எனக்கு அது காதுக்குள் குடைச்சல். ஒலிப்பதிவின்போது சப்பாத்தைக் கழற்றி, நிலத்தில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றித்தான் வாசித்தாராம். அவருக்காக மைக்கைக் கீழே இறக்கினார்களாம். இதை அம்மா மூன்று தரம் சொன்னார்.

படம் வந்தபோது பாஞ்சோக்காரர் வீடு மாறிப் போயிருந்தார். அம்மா லீவு எடுத்தார், சேலை உடுத்தார். தொடக்கத்தில் ஓடிய பெயர்களில் அவர் பெயர் இல்லை. பிறகு வயலின் கேட்கும்போதெல்லாம் அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா தலையசைத்து இல்லை என்றார். திரையில் கடைசி வண்டி பனிக்குள் மறைந்ததும் அப்பா எழுந்தார்.

"சனம் நெருக்க முன்னம் வெளிய போவம்."

யாழ்ப்பாணத்துத் தியேட்டர் பழக்கம். அங்கே பெயரெல்லாம் முதலிலேயே முடிந்துவிடும்; 'சுபம்' விழுமுன் பாதிச் சனம் வாசலில் நிற்கும்.

வெளியே வந்த பிறகுதான் என் கையுறை ஒன்றைக் காணோம். உள்ளே ஓடினேன். திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. கூடவே அம்மாவின் மெட்டு, தனி வயலினில். எனக்குத் தெரியாதா அது! ஆனால் பெயர் ஓடினால் படம் தொடங்குகிறது என்றுதான் அர்த்தம். அது அடுத்த காட்சி. எங்களிடம் ரிக்கற் இல்லை. பிடிபடுவேன் என்ற பயத்தில் கையுறையை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். ரிக்கற் இல்லாமல் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

வீடு திரும்பும் ஸ்ட்ரீட்காரில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ரையை வெட்டிப்போட்டினம் போல. விடுங்கோ. எனக்கு நாரி நோகுது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் வயலின் பெட்டி அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. யாரும் இறக்கவில்லை.

அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து, அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் கடைசிவரை பார்த்தேன். பெயர்கள் ஓடிய நேரம் முழுக்க அம்மாதான் வாசித்தார். பெயரும் இருந்தது. தாங்க முடியாமல் அழுதேன்.

அன்றைக்கு ஸ்ட்ரீட்காரில் கண்ணைத் திறக்காமலே அம்மா என்னிடம் ஒன்று கேட்டார்.

"போன சாமான் கிடைச்சுதோ, பிள்ளை?"

"ஓம் அம்மா" என்று கையுறையைக் காட்டினேன்.