வாத்துக் குளம்

மாடித் தொட்டியைக் கழுவும்போது எழுந்த பாசி வாடையில், இப்போது மண் மூடிப்போன எங்கள் பத்துபஸ்தி வீட்டுக் கொல்லைக் குளம் நினைவுக்கு வந்தது. அப்பா ஆசையாக வளர்த்த இரண்டு ஆமைகள் அதில் இருந்தன. ஆமை வளர்ப்பது குற்றம் என்பதால் அம்மா மேலே வாத்துகளை விட்டிருந்தாள்; அங்கே பேசும் இந்தியில் வாத்து என்றால் பத்தக். "யாராச்சும் கேட்டா பத்தக் வளக்குறோம்னு சொல்லு, வேற எதுக்கும் வாயத் திறக்காத" என்பாள். பக்கத்து வீட்டு ஃபாரஸ்ட் கார்டு அங்கிள் மாலையானால் எங்கள் துவைகல்லில் உட்கார்ந்து சாய் குடிப்பார். அவர் ஆற்றி ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை, ஆமைகள் தலைதூக்கிவிடக் கூடாதே என்றும், தூக்காமல் மூச்சு முட்டிச் செத்துவிடக் கூடாதே என்றும் தண்ணீரைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அவர் எழுந்து போகும்போது, மிச்ச ரஸ்க்கை வாத்துகளுக்குப் போடாமல், ஆமைகள் ஒளியும் கல்லடியில் பார்த்துப் போட்டார். அதை அம்மாவிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.