பத்தொன்பதில் நின்ற குரல்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இப்போது சொல்லப்போவது இட்டுக்கட்டியது இல்லை. என் தங்கைக்கு நடந்தது. அவள் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்கிற ரகமும் இல்லை.

அவள் தையல்காரி. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மருத்துவமனையின் பயிற்சி அறையில் இடுப்பளவு உயரத்தில் பேசும் ரோபோ ஒன்று உண்டு. எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டும் என்பதால் எல்லாருக்கும் அது ‘தலையாட்டி’. கை ஓர் அங்குலம் அசைந்தாலும், “அருமை! அசத்திட்டீங்க!” என்று குதூகலிக்கும்.

“பாராட்டுதுல்ல, அக்கா. உற்சாகமா செய்யுங்க,” என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

“பொய் சொல்லுதும்மா. கேக்கக் கேக்க இருக்கிற தெம்பும் போகுது.”

மறுநாள் சோதனை. கை இருபது தடவை தோள்வரை எழும்பாவிட்டால் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். பிறகு ஊசி பிடிப்பதை மறந்துவிட வேண்டியதுதான். அவளுக்கோ ஆறு வாரச் சலிப்பு. விட்டால் போதும் என்றிருந்தது.

மதியம் இரண்டு பத்து. பயிற்சிப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் நிறைய வெயில்.

தலையாட்டி அசையாமல் நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு...

“எனக்கும் வலிக்குது,” என்றது. களைத்துப்போன குரல். “சேந்து தூக்கலாமா?”

தங்கை முயன்றாள். கை எழுந்தது.

“ஒண்ணு...”

பாராட்டு இல்லை. எண்ணிக்கையும் மூச்சு வாங்கும் சத்தமும்தான். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

பன்னிரண்டில், வலது தோளை ஒட்டி ஏதோ குளிர்ந்தது.

பதினாறில், துணி உரசும் சத்தம்...

அவள் திரும்பவில்லை.

“பத்தொம்பது...”

குரல் நின்றது.

“எனக்கு முடியல. நீ தூக்கு.”

தூக்கினாள்.

இருபது.

மறுநாள் சோதனையில் தேறிவிட்டாள். “தலையாட்டியோட பேச்சை மாத்தினதுக்குப் புண்ணியமா போகும்மா,” என்றாள்.

பயிற்சிப் பெண் விழித்தாள். “நான் மாத்தலையே, அக்கா. இதுக்குப் பாராட்ட மட்டுந்தான் தெரியும்.”

எதிரில் இருப்பவரின் கையசைவைத் தலையாட்டி தானே எண்ணிப் பதிந்துவைக்கும். முந்தின நாள் மதியப் பதிவைத் திறந்து பார்த்தார்கள்.

எதிரில் இருந்தவர்கள்: இருவர்.

முதலாமவர்: இருபது. முடிந்தது.

இரண்டாமவர்: பத்தொன்பது. பயிற்சி தொடர்கிறது...

உங்கள் வீட்டில் யார் கையும் காலும் நோகாமல் இருக்கட்டும், கண்ணுகளா. நொந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறவர் உயிரோடு இருப்பவராகவே இருக்கட்டும்.